இரட்டைச் சிலிண்டர் இத்தாலிய மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே பராமரிக்கும் முறை

ஒரு யந்திரம் பழுதுபட்டால், பழுதான பாகத்தின் விலையைக் காட்டிலும், பழுது எங்கே இருக்கிறதென்று அறியாமல் கண்ட பாகங்களையெல்லாம் மாற்றுவதனால் உண்டாகும் செலவே பெரும்பாலும் அதிகமாகிறது. நல்ல நிலையிலுள்ள கார்புரேட்டரைக் கழற்றிவிட்டுப் புதியது வாங்கிப் பூட்டிய பிறகும் குற்றம் முன்போலவே நிற்பதைப் பலரும் கண்டிருப்பார்கள். இவ்வித நஷ்டத்தைத் தவிர்ப்பதற்கு இத்தாலி தேசத்துப் பழைய வண்டிகளுள் ஒரு வகையின் அமைப்பு மிகவும் அனுகூலமானது. அதைப் பற்றிய விவரங்களைக் கீழே தருகிறோம்.

வண்டியின் அமைப்பு

மோட்டோ குஸ்ஸி கம்பெனி 1921-ம் வருஷத்தில் ஸ்தாபிக்கப்பட்டது. அதன் தொழிற்சாலை வட இத்தாலியில் கோமோ ஏரிக்கரையிலுள்ள மாண்டெல்லோ என்னும் ஊரில் அமைந்தது. ஜூலியோ செசாரே கார்கானோ என்னும் நிபுணர் வகுத்த இரட்டைச் சிலிண்டர் எஞ்சினுடன், 703 கன செண்டிமீட்டர் கொள்ளளவுள்ள 'வி 7' என்னும் வண்டி அங்கிருந்து 1967-ல் விற்பனைக்கு வந்தது. அதே வம்சத்தில் 1975-ல் வெளிவந்த, 844 கன செண்டிமீட்டர் கொள்ளளவுள்ள '850 டி 3' என்னும் வண்டியை இங்கு உதாரணமாகக் கொள்வோம்.

இவ்வண்டியில் இரண்டு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று 90 பாகைக் கோணத்தில், இரு பக்கங்களிலும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆகவே, பெட்ரோல் டாங்கியைக் கழற்றாமலே வால்வுகளைச் சரிபார்க்கலாம். பின்சக்கரத்திற்குச் சக்தி செல்வது சங்கிலியினால் அல்ல, ஓர் இரும்புத் தண்டினால். எனவே சங்கிலியை இறுக்கும் வேலையும் இல்லை. எல்லாவற்றினும் முக்கியமானது மற்றொன்று. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே ஒரு ஸ்பார்க் பிளக், ஒரு காயில், ஒரு ஜதை பாயிண்ட், ஒரு கண்டென்சர், ஒரு கார்புரேட்டர் உண்டு. இடப்புறத்திலுள்ளதெல்லாம் வலப்புறத்திலும் இருப்பதால், நோயுற்ற சிலிண்டருக்கு நல்ல சிலிண்டரே சாட்சியாக நிற்கிறது.

வரிசை தவறாத பராமரிப்பு

பராமரிப்பு வேலைகளை வால்வு, பாயிண்ட், தீப்பொறி நேரம், கார்புரேட்டர் என்னும் வரிசையில் செய்யவேண்டும். பின்னது முன்னதைச் சார்ந்து நிற்பதால், வால்வு இடைவெளி தவறாயிருக்கையில் கார்புரேட்டரைத் திருகுவதில் பயனில்லை.

வால்வு வேலையை எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போதே செய்தல் வேண்டும். பிளக்குகள் இரண்டையும் கழற்றி, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஐந்தாவது கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றினால் எஞ்சின் எளிதில் திரும்பும். எஞ்சினுக்குப் பின்னால் வலப்புறத்தில் ஒரு ரப்பர் மூடி இருக்கிறது. அதைக் கழற்றிப் பார்த்தால் பறக்கும் சக்கரத்தின்மேல் 'டி' என்றும் 'எஸ்' என்றும் இத்தாலிய எழுத்துக் குறிகள் தெரியும். முன்னது வலது சிலிண்டரையும் பின்னது இடது சிலிண்டரையும் குறிக்கும். உரிய குறி நேரே வந்து, அந்தச் சிலிண்டரின் இரு ராக்கர்களும் சற்றே தளர்ந்திருந்தால், பிஸ்டன் அமுக்க வீச்சின் உச்சியில் இருக்கிறதென்று அறியலாம். அப்போது இரு வால்வுகளிலும் 0.22 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி பீலர் கேஜினால் அளந்து திருத்தவேண்டும். சத்தமில்லாத வால்வே நல்லதென்று எண்ணுவது தவறு. இடைவெளி குறைந்துவிட்டால் வால்வு முழுதும் மூடாமல் வெப்பத்தினால் கருகிவிடும். அது நேரும் வரையில் சத்தம் ஏதும் கேளாது.

எஞ்சின் எண்ணெயை 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, எஞ்சின் சூடாயிருக்கும்போது வடித்து மாற்றவேண்டும். இவ்வண்டியின் எண்ணெய் வடிகட்டி அடித்தட்டுக்குள் மறைந்திருக்கிறது. அத்தட்டைக் கழற்றினாலன்றி அது கண்ணில் படாது. கண்ணில் படாத காரணத்தால் பலர் அதை மாற்றுவதேயில்லை. கியர்ப்பெட்டி, பின்சக்கரப் பல்சக்கரப் பெட்டி ஆகிய இரண்டிற்கும் வேறு எண்ணெய் தனியே உண்டு என்பதையும் மறக்கலாகாது.

பழுது காணும் முறை

வண்டி திணறி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினைக் கிளப்பிய சிறிது நேரத்தில் இரு புகைக்குழாய்களின் மேலும் சில துளி நீர் தெளித்தால், ஒன்றில் நீர் சீறி ஆவியாகும். மற்றொன்றில் வழிந்து ஓடும். குளிர்ந்த குழாயின் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. குழாயைக் கையால் தொட்டுப் பார்த்தல் கூடாது.

இனி அச்சிலிண்டரின் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவேண்டும். பெட்ரோலினால் நனைந்திருந்தால் தீப்பொறியில் குறை இருக்கக்கூடும். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை; குழாய், வடிகட்டி, கார்புரேட்டர்த் துவாரம் ஆகியவற்றைச் சுத்தம் செய்யவேண்டும். சிலிண்டர் வேலை செய்தும் வெப்பம் மிகுந்து பிளக் வெளுத்திருந்தால், கார்புரேட்டரை இணைக்கும் பாகங்களில் வெடிப்பு வழியாகக் காற்று நுழைகிறதா என்று பார்க்கவேண்டும். கறுத்துப் புகைபடிந்திருந்தால் பெட்ரோல் மிகுதியாகச் செல்லுகிறது.

தீப்பொறியில் குறையென்று தோன்றினால், கடைக்குச் செல்வதற்கு முன் இரு பிளக்குகளையும் இடம் மாற்றிப் பூட்டி ஓட்டிப் பார்க்கவேண்டும். குற்றம் மறு சிலிண்டருக்குப் போய்விட்டால் பிளக்கே காரணம். போகாவிட்டால் பிளக்குகளை அப்படியே விட்டுக் காயில்களை இடம் மாற்றவேண்டும், பிறகு கண்டென்சர்களை. எந்தப் பாகத்துடன் குற்றம் இடம் பெயர்கிறதோ அந்தப் பாகம் ஒன்றையே வாங்கினால் போதும். இம்முறைக்கு ஒரே நிபந்தனை, ஒரு சமயத்தில் ஒரு பாகத்தையே மாற்றவேண்டும் என்பது. இரண்டை ஒருங்கே மாற்றினால் சாட்சியம் கலைந்துபோகும். கம்பிகளைக் கழற்றுமுன் அவற்றின் நிறத்தையும் இடத்தையும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்வது உத்தமம்.

பாட்டரி அடிக்கடி சக்தியிழந்தால், சாவியைத் திருப்பியதும் மின்னேற்றத்தைக் காட்டும் சிறு சிவப்பு விளக்கு எரிகிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். ஆல்டர்னேட்டர் வேலை தொடங்குவதற்கு வேண்டிய மின்சாரம் அந்த விளக்கின் வழியாகவே செல்லுகிறது. அற்ப விலையுள்ள அந்தப் பல்பு அணைந்துபோனால் பாட்டரிக்கு மின்னேற்றம் இராது. பல்பைப் பாராமல் ஆல்டர்னேட்டரையே மாற்றினால் வீண் செலவாகும்.

உயிருக்கு அபாயமான இடங்கள்

இவ்வண்டியில் கால் பிரேக், பின்சக்கரத்தையும் முன்சக்கரத்தின் இடது தட்டையும் ஒருங்கே பிடிக்கிறது. கைப்பிடி, முன்சக்கரத்தின் வலது தட்டை மட்டும் பிடிக்கிறது. ஆகவே, பிரேக் திரவத்தில் வரும் குறை இரு சக்கரங்களையும் பாதிக்கும். அத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையதாகையால், வண்டி ஓடாமல் நின்றாலும் இரண்டு வருஷத்திற்கு ஒருமுறை மாற்றவேண்டும். பழைய ரப்பர்க் குழாய்கள் உட்புறம் வீங்கிவிட்டால், பிடித்த பிரேக் விடாமல் சக்கரத்தை இறுக்கும். வெளித்தோற்றத்தை நம்பாமல் அவற்றைப் புதுப்பித்தல் அவசியம்.

பெட்ரோல் வேலையைத் திறந்த வெளியில், அருகில் நெருப்பில்லாத இடத்திலேயே செய்யவேண்டும். தீப்பொறியைப் பரிசோதிக்கும்போது பிளக் துவாரங்களை அடைத்து, பிளக்கை எஞ்சினின் உலோகத்தில் பதியும்படி வைத்து, துவாரத்திற்குத் தூரத்தில் நிறுத்தவேண்டும். இல்லாவிடில் வெளிவரும் பெட்ரோல் ஆவி தீப்பற்றக்கூடும்.

வீட்டில் செய்யத் தகாத வேலையும் ஒன்று உண்டு. இவ்வகை வண்டிகளின் சிலிண்டர் உட்புறத்தில் குரோமியம் பூசப்பட்டிருக்கிறது. வெகுநாள் ஓடாமல் கிடந்த வண்டிகளில் அப்பூச்சு உரிவதுண்டு. வடித்த எண்ணெயில் பளபளக்கும் செதில்கள் தென்பட்டால், அதற்குமேல் வண்டியை ஓட்டலாகாது. செதில்கள் பேரிங்குகளை அரித்து எஞ்சினையே பாழாக்கும். உடனே தேர்ந்த தொழிலாளியிடம் ஒப்புவிப்பதே சிக்கனம்.

கூட்டாக வாங்கத் தக்க கருவிகள்

பீலர் கேஜ், வோல்ட் மீட்டர், திருகும் வலிமையை அளக்கும் ஸ்பானர், இரு கார்புரேட்டர்களையும் சமப்படுத்தும் அளவுமானி ஆகியவை வருஷத்தில் சில மணி நேரமே பயன்படுகின்றன. ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்குவதைக் காட்டிலும், வண்டியுள்ள சிலர் சேர்ந்து ஒரு தொகுதி வாங்கி முறைவைத்து உபயோகித்தால் செலவு மிகக் குறையும். கூட்டுறவின் பயனை அறிந்த அங்கத்தினர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கருவிப் பெட்டியுடன் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் வைத்து, கண்ட குற்றம், மாற்றிய பாகம், ஓடிய கிலோமீட்டர் ஆகியவற்றை ஒவ்வொருவரும் பதிந்துவந்தால், ஒருவர் வண்டியில் கண்ட பழுது மற்றவர் வண்டிக்கு முன்னெச்சரிக்கையாகும்.