உங்களுக்குத் தெரியுமா? நிக்கல் வணிகத்தை முன்கணிக்கும் எண்கள்

மின்கலம், மின்னணுக் கருவி போன்றவற்றுக்குத் தேவைப்படுபவையும் எளிதில் மாற்றுக் கிடைக்காதவையுமான கனிமங்கள் இன்றியமையாக் கனிமங்கள் எனப்படுகின்றன. நிக்கல் உள்ளிட்ட அவற்றின் வணிகம் வரும் ஆண்டுகளில் எவ்வாறு அமையும் என்பதைக் கணிக்க ஆய்வாளர்கள் முதலில் நாடுவது சுங்கத் தரவையே. உலகச் சுங்க அமைப்பின் குறியீட்டு முறையில் நிக்கல் தாது 260400 என்றும், இரும்பும் நிக்கலும் கலந்த ஃபெரோநிக்கல் 720260 என்றும் பதிவாவதால், தாதுவாக விற்ற நாடு அதை உருக்கி விற்கத் தொடங்கும் மாற்றம் இவ்வெண்களிலேயே புலப்படும்.

ஆனால் கடந்த மாதங்களின் போக்கை நீட்டி வருங்காலத்தைச் சொல்லும் காலத்தொடர் மாதிரி, அரசின் ஒரே ஆணையில் பொய்த்துப்போகக்கூடும். இந்தோனேசியா 2014இல் தாது ஏற்றுமதியைத் தடுத்து, 2017இல் தளர்த்தி, 2022இல் வரவிருந்த முழுத்தடையை முன்கூட்டியே 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது. ‘கட்டமைப்பு முறிவு’ எனப்படும் இத்தகைய திருப்பத்தை, கொள்கை அறிவிப்புகளையும் உருக்காலைகளின் கட்டுமான நிலையையும் மாதிரியில் சேர்த்தாலன்றிப் பிடிக்க இயலாது. இங்கே கணிதத் திறனைவிடச் சட்டங்களைக் கூர்ந்து வாசிப்பதே பெரிதும் கைகொடுக்கிறது.

சுங்கத் தரவு நம்பத்தக்கதா என்று சோதிக்க, ஏற்றுமதி செய்த நாட்டின் கணக்கை இறக்குமதி செய்த நாட்டின் கணக்கோடு ஒப்பிடுவது ‘கண்ணாடிப் புள்ளிவிவரம்’ எனப்படும். சரக்குக் கட்டணத்தாலும் பயணக் காலத்தாலும் விளக்க முடியாத அளவுக்கு இரண்டும் வேறுபட்டால், கடத்தலோ குறைத்துக் காட்டலோ நிகழ்ந்திருக்கலாம் என ஐயுற இடமுண்டு.

குறியீட்டு எண்களில் புலப்படும் மாற்றத்துக்கேற்ப, 2020 தடைக்குப் பின் இந்தோனேசியத் தாதுவின் பெரும்பகுதி சுலவேசி, ஹல்மஹேரா போன்ற தீவுகளின் ஆலைகளிலேயே பதப்படுத்தப்படுகிறது.