திருஷ்டி இல்லை ஸார், அம்மோனியா!

மீன் தொட்டி வாங்குகிறவர்கள் இரண்டு ரகம். முதல் மாசமே தொட்டியைக் கவிழ்த்து, மொட்டை மாடியில் வைத்து அதில் ரோஜாச் செடி நடுகிறவர்கள் ஒரு ரகம். வருஷக்கணக்கில் மீன் வளர்க்கிறவர்கள் இன்னொரு ரகம். இரண்டு பேருக்கும் கடை ஒன்றுதான், மீனும் தீனியும் ஒன்றுதான். ரகம் பிரிவது முதல் ஆறு வாரத்தில்.

எங்கள் ஆபீஸில் நான்தான் மீன் டாக்டர். ஃபீஸ் கிடையாது, கேன்டீன் டீ மட்டும். வீட்டில் பதினோரு வருஷமாக ஒரு இரண்டடித் தொட்டி ஓடுகிறது என்பதுதான் என் டிகிரி. லிஃப்டில் கேஸ் வரும், லஞ்ச் டைமில் வரும். ஒரு தடவை மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, குரலைத் தாழ்த்தினார். இன்க்ரிமென்ட் விஷயம் என்று நினைத்தேன். அவர் வீட்டு மீனுக்கு வால் அழுகுகிறதாம்!

போன வருஷம் வந்த கேஸ்தான் முக்கியம். அக்கவுன்ட்ஸ் செக்ஷன் நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு கொளத்தூருக்குப் போனார். (சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர்தானே!) இரண்டடித் தொட்டி, கலர் கூழாங்கல், வாயைத் திறந்து திறந்து மூடும் பிளாஸ்டிக் முதலை, பன்னிரண்டு மீன்கள். சாயங்காலமே கிரகப்பிரவேசம். இரண்டாம் கிளாஸ் படிக்கும் மகள் பன்னிரண்டுக்கும் பேர் வைத்துவிட்டாள்.

புதன்கிழமை ஒன்று போனது. வெள்ளிக்கிழமை மூன்று. அடுத்த திங்களுக்குள் மொத்தம் எட்டு. "நமக்கு வர இருந்ததை அது வாங்கிக்கிச்சு" என்று மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பெண் அதைப் பிடித்துக்கொண்டாள். 'எனக்கு வர வேண்டியதுக்கு அது ஏன் செத்துச்சு?' என்று கேட்டுக் கேட்டு அழுதிருக்கிறாள். பிறகு தொட்டி இருக்கிற ரூமுக்கே வருவதில்லை. நண்பர் எனக்கு போன் பண்ணினார். "ஸார், தொட்டியை நீங்களே எடுத்துக்கிடறீங்களா? வீட்ல பார்க்க முடியலை." குரல் சரியில்லை. வண்டியை எடுத்தேன்.

தொட்டித் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. மிச்சம் நாலு மீனும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. கையோடு கொண்டுபோன சோதனைச் சொட்டு மருந்தை ஒரு குழாய்த் தண்ணீரில் விட்டேன். மஞ்சளாக இருக்க வேண்டியது பச்சையாக மாறியது.

"தம்பி, யார் கண்ணு பட்டிச்சோ..." என்று ஆரம்பித்தார் மாமியார்.

"கண்ணு இல்லீங்கம்மா, அம்மோனியா."

கொஞ்சம் கெமிஸ்ட்ரி. கொட்டாவி விடாதீர்கள், ஒரே பாராதான். மீன் தன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் கீழே விழுந்து அழுகும் தீனியும் அம்மோனியாதான். அது செவுளை அரிக்கும். ஆற்றில், ஏரியில் இதைத் தின்று தீர்க்க பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான், ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க விடாது. இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். அது அவ்வளவு ஆபத்தில்லை, வாரா வாரம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்த பாக்டீரியாக்கள் குடியிருப்பது ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும். புதுத் தொட்டியில் போதுமான அளவு கிடையாது. தானாகப் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். நண்பர் வீட்டில் மீன்கள் வந்துவிட்டன, துப்புரவு ஆட்கள் வரவில்லை!

1850-லேயே லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற கெமிஸ்ட், பொன்மீனோடு தண்ணீர்ச் செடியும் நத்தையும் சேர்த்து வைத்தால் தொட்டி நிலைக்கும் என்று காட்டினார். இந்த பாக்டீரியாக்களை வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி பிரித்தெடுத்தது 1890-ல். இத்தனை வருஷம் கழித்தும் பல கடைகளில் தொட்டியையும் மீனையும் ஒரே பில்லில் போட்டுக் கொடுக்கிறார்கள்.

நண்பர் வீட்டில் இன்னொரு கூத்தும் நடந்திருந்தது. "தினம் ரெண்டு வேளை தீனி போட்டோம். ரெண்டு நாளைக்கு ஒருக்கா முழுத் தண்ணியையும் மாத்தி, ஸ்பாஞ்சைக் குழாயடியில வச்சு நல்லா கசக்கிடுவோம் ஸார்" என்றார் பெருமையாக. நாலு பாக்டீரியா குடிவந்தால்கூட குளோரின் தண்ணீரில் காலி! ஸ்பாஞ்சைக் கழுவலாம். ஆனால் தொட்டியிலிருந்தே ஒரு பக்கெட் தண்ணீர் எடுத்து அதில் லேசாகப் பிழிந்தால் போதும். கொழகொழவென்று இருக்கத்தான் வேண்டும். ஹோட்டல் தோசைக்கல் மாதிரி, பழகிய பிறகு தேய்த்துப் பளபளப்பாக்கக் கூடாது.

அன்றைக்குப் பாதித் தண்ணீரை மாற்றினோம். மறுநாள் என் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்பாஞ்ச் ஒன்றை, கொஞ்சம் தொட்டித் தண்ணீரோடு டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டு போனேன். (லஞ்சில் பக்கத்து சீட்காரர் உரிமையோடு திறந்துவிட்டார். இப்போதெல்லாம் என் டப்பாவைத் தொடுவதில்லை.) "அழுக்கையா தம்பி உள்ள போடறீங்க?" என்று மாமியார் பதறினார். "குடித்தனக்காரங்கம்மா" என்றேன். இரண்டு வாரம் தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு சிட்டிகை தீனி. நாலில் ஒன்றும் சாகவில்லை. ஆறு வாரம் கழித்து இரண்டு புது மீன், பிறகு இன்னும் இரண்டு. மீன் எதையும் யாருக்காகவும் வாங்கிக்கொள்வதில்லை என்று பெண்ணுக்கு அந்தப் பச்சைக் குழாயை வைத்துத்தான் புரியவைத்தோம். இப்போது சொட்டு மருந்து விடுவது அவள் வேலை. மாமியாரையே மிரட்டுகிறாள்: "பாட்டி, அவ்ளோ போடாதே. அம்மோனியா!"

இனி எனக்கு வரும் மற்ற கேஸ்கள்.

தண்ணீர். கார்ப்பரேஷன் தண்ணீரில் குளோரின் இருக்கும். அகன்ற பக்கெட்டில் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும். குளோரமின் கலந்திருந்தால் அப்படிப் போகாது. கடைகளில் விற்கும் 'ஆன்டி குளோரின்' சொட்டில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்ஃபேட். அந்தக் கால போட்டோ ஸ்டூடியோ 'ஹைப்போ' அதுதான். இதைவிட ஃப்ளாட்வாசிகள் கவனிக்க வேண்டியது சம்ப். அசோசியேஷன்காரர்கள் சம்பைக் கழுவி ப்ளீச்சிங் பவுடர் போட்ட மறுநாள் தயவுசெய்து தண்ணீர் மாற்றாதீர்கள். வாட்ச்மேனை நண்பராக்கிக்கொள்வது நல்லது.

பச்சைத் தண்ணீர். 'எத்தனை தடவை மாத்தினாலும் பாசி வருது ஸார்.' வரும். தொட்டி ஜன்னலோரம் இருக்கும், நீங்கள் தீனியை வாரி இறைப்பீர்கள். வெயிலும் உரமும் கிடைத்தால் பாசி ஏன் சும்மா இருக்கப்போகிறது? தொட்டியை நகர்த்துங்கள் (காலி பண்ணிவிட்டு!), லைட்டை ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல் எரியவிடாதீர்கள். புதுத் தொட்டியில் பால் கலந்த மாதிரி வெள்ளையாகக் கலங்கினால் அது வேறு, அது பாக்டீரியா பெருக்கம். நோண்டாமல் விட்டால் தெளிந்துவிடும்.

வெள்ளைப் புள்ளி. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் சில்லிட்டதும் இந்த போன்கள் வரும். ரவை தூவியது மாதிரி உடம்பெல்லாம் புள்ளி, மீன் கல்லில் போய் உரசும். இது ஒட்டுண்ணி. இதில் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. மீனின் தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. அது உதிர்ந்து, தரையில் நூற்றுக்கணக்கில் பெருகி, அடுத்த மீனைத் தேடி நீந்தும்போதுதான் சாகும். மூணாம் நாள் புள்ளி மறைந்ததும் 'குணமாயிடுச்சு' என்று மருந்தை நிறுத்தினால் அடுத்த வாரம் பட்டாளமாக வரும். பத்துப் பதினாலு நாள் விடாமல் செய்ய வேண்டும். ஹீட்டர் வைத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக 30 டிகிரிக்குக் கொண்டு வந்தால் ஒட்டுண்ணியின் சுற்று சீக்கிரம் முடியும், மருந்துக்குச் சீக்கிரம் சிக்கும். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும் என்பதால் ஏர் பம்ப் நன்றாக ஓடட்டும்.

கரென்ட் கட். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் சென்னையில் பல பேட்டைகளில் நாள்கணக்கில் கரென்ட் இல்லை. அப்போது என் போன் ஓயவில்லை (டவர் இருந்தவரை). மருந்து ரொம்ப சிம்பிள். தீனியை நிறுத்துங்கள். ஒரு மக்கில் தொட்டித் தண்ணீரை மொண்டு ஒரு அடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். மணிக்கு ஒரு தடவை, ஐந்து நிமிஷம். பேட்டரியில் ஓடும் குட்டி ஏர் பம்ப் வாங்கி வைத்தால் கை வலிக்காது. ஏர் பம்ப்பை எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள். கீழே வைத்தால் கரென்ட் போனதும் டியூப் வழியாகத் தண்ணீர் இறங்கி, பம்ப்பையும் கெடுத்து, கீழ் வீட்டுக்காரரோடு சண்டையும் வாங்கிக் கொடுக்கும்.

சண்டை என்றதும் ஞாபகம் வருகிறது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் முழுக்க நிரப்பினால் சுமார் 57 லிட்டர் தண்ணீர். அதாவது தண்ணீர் மட்டுமே 57 கிலோ. கண்ணாடி, கல் எடை தனி. ஷூ ராக்கின் மேல் வைக்கிற ஐடியாவை விட்டுவிடுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சாவியையும் தீனி டப்பாவையும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். சாவியை மட்டும் கொடுங்கள். ஆரோக்கியமான வளர்ந்த மீன் நாலைந்து நாள் பட்டினி தாங்கும். பக்கத்து வீட்டு மாமியின் பாசத்தைத்தான் தாங்காது.

கடைசியாக சக்கர் மீன். 'இது அழுக்கைத் தின்னும், தொட்டி கழுவவே வேண்டாம்' என்று தலையில் கட்டுவார்கள். அது கொஞ்சம் பாசி தின்னும், வாஸ்தவம். தின்றதைவிட அதிகமாக அசிங்கமும் பண்ணும். தென் அமெரிக்க ஜாதி. ஒரு அடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் என்ன செய்கிறார்கள்? ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கத்து ஏரியில் விட்டுவிடுகிறார்கள். அது அங்கே சாவதில்லை, பெருகுகிறது. நம் ஊர் ஏரிகளில் வலையை இழுத்தால் கெண்டைக்குப் பதில் முள்ளும் ஓடுமாக இதுதான் வருகிறது, வலையும் கிழிகிறது. உங்களிடம் ஒன்று பெரிசாகிவிட்டதா? ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கெட்டில் போட்டு மீன் கடைக்கே கொண்டு போங்கள். பெரிய தொட்டிக்காக எடுத்துக்கொள்கிற கடைகள் இருக்கின்றன. காசு கேட்காதீர்கள்.