ஊசி குத்தத் தெரிஞ்சா போதுமா? லேப் டெக்னீஷியன் படிப்பில் சேரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தாராபுரம்,-

பிளஸ்-2 ரிசல்ட் வந்ததும் தாராபுரம், மூலனூர், குண்டடம், அலங்கியம் பகுதி வீடுகளில் ஒரே பேச்சுதான். பிள்ளையை அடுத்து என்ன படிக்க வைப்பது? காலேஜா, நர்சிங்கா, இல்லை பேசாமல் திருப்பூர் பனியன் கம்பெனிக்கே அனுப்பி விடலாமா? இப்படி யோசிக்கும்போது பலருக்கும் ஞாபகம் வருவது லேப் டெக்னீஷியன் படிப்பு.

சின்ன கிளினிக்கை ஒட்டிக்கூட இன்று ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் இருக்கிறது. வெயிலில் நிற்கிற வேலை இல்லை. உள்ளூரிலேயே வேலை கிடைக்க வாய்ப்பும் உண்டு. ஆனால் "ஆறே மாதத்தில் லேப் டெக்னீஷியன்" என்ற நோட்டீசை நம்பி பணத்தைக் கட்டிவிட்டு, அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த சர்டிபிகேட் செல்லாது என்று தெரிந்து கையைப் பிசைபவர்களும் உண்டு.

"என்னங்க, ஒரு ஊசியைக் குத்தி ரத்தம் எடுக்கறதுக்கு ரெண்டு வருச படிப்பா?" என்று கேட்கத் தோன்றும். ஊசி குத்த சில வாரத்திலேயே கை பழகிவிடும். எடுத்த ரத்தம் கெடாமல், ஆள் மாறாமல், சரியான ரிசல்ட்டாக டாக்டர் மேஜைக்குப் போக வேண்டுமே, அதற்குத்தான் படிப்பு.

நரம்பு இல்லை, ரத்தக்குழாய்

"நரம்பே கிடைக்கலைங்க" என்று லேபில் சொல்வதைக் கேட்டிருப்போம். உண்மையில் ஊசி குத்துவது நரம்பில் இல்லை, சிரை எனப்படும் ரத்தக்குழாயில். முழங்கை மடிப்பில் நடுவில் ஓடும் சிரைதான் முதல் தேர்வு.

கையில் ரப்பர் பட்டையைக் கட்டினால் ஒரு நிமிடத்துக்கு மேல் விடக்கூடாது. அதற்கு மேல் போனால் ரத்தத்தில் உள்ள பொருட்களின் அளவே மாறத் தொடங்கும். ஸ்பிரிட் தடவியதும் குத்தக்கூடாது, காய விட வேண்டும். ஈரத்தோடு குத்தினால் எரியும், கிருமியும் முழுசாகச் சாகாது. சிரிஞ்சை வேகமாக இழுத்தாலோ, டியூப்பை வேகமாக உலுக்கினாலோ சிவப்பணு உடைந்து பொட்டாசியம் அதிகமாகக் காட்டும். நல்லா இருக்கிற ஆளுக்கும் கிட்னியில் கோளாறோ என்ற சந்தேகம் வந்துவிடும்.

மூடி நிறத்தில் இருக்கிறது விஷயம்

ரத்தம் பிடிக்கும் டியூப்புகளுக்கு ஏன் பல நிற மூடி என்று நினைத்திருக்கலாம். அழகுக்காக அல்ல. ஒவ்வொன்றிலும் வேறு வேறு மருந்து இருக்கிறது.

ஊதா மூடி டியூப்பில் ரத்தம் உறையாமல் இருக்க ஈ.டி.டி.ஏ. என்ற மருந்து இருக்கும். ரத்த அணுக்களை எண்ண இதுதான். சாம்பல் மூடி சர்க்கரைக்கு. வெளிர் நீல மூடி ரத்தம் உறையும் நேரம் பார்க்க. அதில் குறிப்பிட்ட கோடு வரை சரியாக ரத்தம் நிரம்பியே ஆக வேண்டும். சிவப்பு, மஞ்சள் மூடி கிட்னி, கல்லீரல் போன்ற டெஸ்ட்டுகளுக்கு.

பல டியூப் எடுக்க வேண்டி இருந்தால் முதலில் வெளிர் நீலம், பிறகு சிவப்பு அல்லது மஞ்சள், அடுத்து பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல் என்பது உலகம் முழுக்க பின்பற்றப்படும் வரிசை. "டியூப்ல ரத்தம் பத்தலை" என்று ஊதா டியூப்பில் இருந்து சிவப்பு டியூப்புக்கு கொஞ்சம் ஊற்றினால் போச்சு. ஈ.டி.டி.ஏ. மருந்து கலந்து பொட்டாசியம் எகிறும், கால்சியம் இறங்கும். மெஷின் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இந்தத் தப்பைத் திருத்தாது.

டெங்கு சீசனில் பதற வைக்கும் நம்பர்

காய்ச்சல் என்றாலே நம்ம ஊரில் முதல் கேள்வி "பிளேட்லெட் எவ்வளவு?" என்பதுதான். சாதாரணமாக ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். ரத்தம் எடுத்ததும் ஊதா டியூப்பை மெதுவாக எட்டு, பத்து முறை கவிழ்த்து கலக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் உள்ளே சின்னச் சின்ன கட்டி உண்டாகும். பிளேட்லெட் எல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும். மெஷின் 40 ஆயிரம் என்று காட்டும். வீட்டில் அழுகை, அவசரமாக கார் பிடித்து கோவைக்கு ஓட்டம். அங்கே போய்ப் பார்த்தால் 2 லட்சம் இருக்கும்.

முறையாகப் படித்தவர் குறைந்த நம்பரைப் பார்த்ததும் ரிப்போர்ட்டை நீட்ட மாட்டார். டியூப்பில் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். தேவைப்பட்டால் மறுபடி ரத்தம் எடுப்பார்.

சர்க்கரையிலும் இதே கதைதான். டியூப்பில் இருக்கும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு சுமார் 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். கிராமத்தில் காலை 7 மணிக்கு எடுத்த ரத்தம் சாதா டியூப்பில் 10 மணிக்கு டவுனுக்கு வந்தால், 130 இருந்த சர்க்கரை 110-க்குப் பக்கத்தில் காட்டும். சாம்பல் மூடி டியூப்பில் உள்ள மருந்து இந்தக் குறைவை மட்டுப்படுத்தும். அப்படியும் சீக்கிரம் லேபில் சேர்ப்பதே சரி.

பெயர் மாறினால் உயிருக்கே ஆபத்து

1901-ல் வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டைனர் ரத்தப் பிரிவுகளை வெளியுலகுக்குச் சொன்னார். அதற்காக 1930-ல் நோபல் பரிசு பெற்றார். அவர் கண்டுபிடித்ததன் பலன் முழுசாகக் கிடைப்பது டியூப்பில் ஒட்டும் பெயர் சரியாக இருந்தால்தான். ஒருவர் பெயரை இன்னொருவர் டியூப்பில் ஒட்டி, அதை வைத்து ரத்தம் ஏற்றினால் உயிரே போகலாம்.

அதனால் "நீங்க பழனிச்சாமியா?" என்று கேட்கக்கூடாது. காது கேட்காதவர்கூட தலையாட்டி விடுவார். "உங்க பேர் என்னங்க, வயசு என்னங்க?" என்று அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். ரத்தம் எடுத்ததும் நோயாளி எதிரிலேயே டியூப்பில் பெயர் ஒட்ட வேண்டும்.

குத்துபவருக்கும் ஆபத்து

இந்த வேலைக்கு வருபவர் முதலில் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி 3 டோஸ் போட்டுக்கொள்ள வேண்டும். பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடக்கூடாது. ஊசியை கட்டரில் வெட்டி, குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளைப் பெட்டியில் போட வேண்டும். 2016-ம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் இதைக் கட்டாயம் ஆக்கியுள்ளன.

தப்பித் தவறி கையில் குத்திவிட்டால் அழுத்திப் பிழியக்கூடாது. சோப்பு போட்டு தண்ணீரில் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவை என்று டாக்டர் சொன்னால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

எங்கே, என்ன படிக்கலாம்?

பிளஸ்-2வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்களுக்கு 2 ஆண்டு டி.எம்.எல்.டி. டிப்ளமோவும், எம்.எல்.டி. பட்டப்படிப்பும் இருக்கின்றன. தமிழ்நாடு அரசின் எம்.ஆர்.பி. வாரியம் நடத்திய கிரேடு-3 லேப் டெக்னீஷியன் தேர்வுகளில், கிண்டி கிங் நிலையத்திலோ, மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ் உள்ள நிறுவனத்திலோ படித்த ஓராண்டு சான்றிதழ் கேட்கப்பட்டது. 6 மாத சர்டிபிகேட் அடிபடுவது இங்கேதான்.

2021-ல் வந்த மத்திய சட்டம் இன்னும் தெளிவாகச் சொல்கிறது. இந்தத் துறையில் டிப்ளமோ என்றால் குறைந்தது 2 ஆண்டு, 2,000 மணி நேரம் படிப்பு வேண்டும். எனவே இனி சேர்பவர்கள் 2 ஆண்டு டிப்ளமோ அல்லது டிகிரியைப் பார்ப்பதே நல்லது.

ரத்தம் எடுப்பதற்கு மட்டும் 'பிளெபாட்டமிஸ்ட்' என்ற குறுகிய பயிற்சியும் உண்டு. வீடு வீடாகப் போய் ரத்தம் சேகரிக்கும் வேலைக்கு அது உதவும். ஆனால் அதை வைத்து டெஸ்ட் செய்ய முடியாது.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

* எந்தப் பல்கலைக்கழகம் அல்லது அரசுத் துறையின் அங்கீகாரம்? அந்த உத்தரவைக் காட்ட முடியுமா?

* பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரி? ஒரு மாணவருக்கு தினமும் எத்தனை நோயாளிகள்?

* மைக்ராஸ்கோப் ஒவ்வொருவர் கைக்கும் கிடைக்குமா?

* இங்கே படித்தவர்கள் எம்.ஆர்.பி. தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறார்களா?

* கட்டணம் முழுவதுக்கும் ரசீது உண்டா?

இதற்கெல்லாம் "அதெல்லாம் பாத்துக்கலாங்க" என்று பதில் வந்தால் அந்த இடத்தில் பணத்தைக் கட்ட வேண்டாம். பக்கத்தில் திருப்பூர், கோவை, கரூர், பெருந்துறையில் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே நேரில் போய் என்னென்ன படிப்பு, எத்தனை இடம், எப்போது விண்ணப்பம் என்று விசாரித்துவிட்டு முடிவு எடுக்கலாம். பஸ் செலவோடு போகும்.