செய்த வேலைக்குக் கணக்கு எழுதுங்கள்

ரொறன்ரோவிலும் அயலிலுள்ள பிரம்டன், மிசிசாகாவிலும் எம்மவர் பலர் லொறி ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு லோட் தேடிக்கொடுத்து, ஏற்றும் இறக்கும் நேரங்களைப் பேசி, கடதாசி வேலைகளையும் பார்க்கும் 'டிஸ்பாச்' தொழிலை வீட்டிலிருந்தே செய்யலாம். தொலைபேசியும் கணினியும் போதும் என்றுதான் நாமும் தொடங்கினோம். காசு வாங்கும் வழியைப் பற்றி யோசிக்கவில்லை.

முதல் வாடிக்கையாளர் ஊர்க்காரர். வாடகையில் 7 வீதம் என்று வாய்ப்பேச்சு. மாதமுடிவில் 'டிஸ்பாச் கட்டணம் 1,260 டொலர்' என்று மட்டும் எழுதி நீட்டினோம். "எந்த லோட், எந்தத் திகதி, தம்பிமார்?" என்று கேட்டார். எம்மிடம் இருந்தது கொப்பியில் கிறுக்கிய எண்கள்தான். இறக்குமிடத்தில் லொறி காத்துநின்றதற்குக் கிடைத்த காசிலும் 7 வீதம் உண்டா என்பதில் பிணக்கு வந்தது. 300 டொலரை விட்டுக்கொடுத்தோம். ஆறு மாதம் அவருடன் கதை பேச்சில்லை. அதுதான் பெரிய நோவு.

இப்போது இன்வொய்ஸ் எழுதும்போது ஒவ்வொரு லோட்டுக்கும் ஒரு வரி: லோட் இலக்கம், ஏற்றிய திகதி, எங்கிருந்து எங்கே, வாடகை, எமது வீதம். பிரம்டனிலிருந்து மொன்றியால், வாடகை 1,400 டொலர் என்றால் எமது 7 வீதம் 98 டொலர். அதற்கு 13 வீத எச்.எஸ்.ரி. 12.74, மொத்தம் 110.74. வரி எமது கட்டணத்துக்கு மாத்திரமே, முழு வாடகைக்கு அல்ல. காத்திருப்புக் காசு, எரிபொருள் மேலதிகம் ஆகியவற்றில் பங்கு உண்டா இல்லையா என்பதை வேலை தொடங்குமுன்பே எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம்.

தொடர்ந்து வரும் நான்கு காலாண்டுகளில் வருமானம் 30,000 டொலரைத் தாண்டினால் வரிக்குப் பதியவேண்டும். பதியாதவர் எச்.எஸ்.ரி. அறவிடக்கூடாது. பதிந்தபின் வரி இலக்கத்தை இன்வொய்சில் போடுங்கள். அதைக் காட்டித்தான் பதிவுபெற்ற வாடிக்கையாளர் கட்டிய வரியைத் திருப்பி எடுப்பார். பிரதிகளை ஆறு ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும்.

பிந்தினால் வட்டி என்று பலர் 'மாதம் 2 வீதம்' என எழுதுகிறார்கள். கனடாவின் வட்டிச் சட்டப்படி ஆண்டு வீதத்தையும் ஒப்பந்தத்தில் குறிப்பிடவேண்டும். இல்லாவிட்டால் ஆண்டுக்கு 5 வீதத்துக்கு மேல் கேட்கமுடியாது. ஆகவே 'மாதம் 2 வீதம், ஆண்டுக்கு 24 வீதம்' என்று எழுதுங்கள்.

சரக்குக்காரர் தரும் வாடகையை நாம் கையில் வாங்குவதில்லை; அது நேரே லொறிக்காரருக்குப் போகிறது. வாங்குபவர் அதை லொறிக்காரருக்காகத் தனி நம்பிக்கைக் கணக்கில் வைக்கவேண்டும் என்பது ஒன்ராரியோச் சட்டம்.

அப்படியும் காசு தராவிட்டால் சிறு கோரிக்கை நீதிமன்றம் இருக்கிறது. 2025 ஒக்ரோபரிலிருந்து அங்கே 50,000 டொலர் வரை கோரலாம். பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் போகவேண்டும். அங்கேயும் முதலில் கேட்பது இந்தத் தாள்களைத்தான்.

அந்த ஊர்க்காரர் திரும்பவும் எம்மிடம் வந்துவிட்டார். வெள்ளி பின்னேரம் இன்வொய்ஸ் போகாவிட்டால் அவரே தொலைபேசி எடுக்கிறார்.