மதரசா பாடத்தில் தடுப்பூசிக்கு இடம் உண்டா?

புது தில்லி: போலியோ சொட்டு மருந்து கொடுக்கப்பட்ட வீட்டின் கதவில் சுகாதாரப் பணியாளர்கள் சாக்கட்டியால் 'பி' என்று குறித்துச் செல்வார்கள். மறுத்த வீட்டுக்கும் பூட்டிக் கிடந்த வீட்டுக்கும் 'எக்ஸ்'. மேற்கு உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் வட்டாரத்தில், முஸ்லிம்கள் நெருக்கமாக வாழும் தெருக்களில் ஒரு காலத்தில் 'எக்ஸ்' குறிகள் மலிந்திருந்தன.

2002-இல் நாட்டில் 1,600 பேருக்குப் போலியோ தாக்கியது. பெரும்பாலோர் உத்தரப் பிரதேசக் குழந்தைகள். சொட்டு மருந்து மலட்டுத்தன்மையை உண்டாக்கும் என்ற வதந்தி, நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடையை மறவாத ஊர்களில் எளிதில் எடுபட்டது. சாக்கடையையும் குடிநீரையும் கவனிக்காத அரசு, சொட்டு மருந்துக்கு மட்டும் மீண்டும் மீண்டும் வீடு தேடி வந்ததால் எழுந்த ஐயத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை.

அப்போதுதான் யுனிசெப் அமைப்பும் அலிகார், ஜாமியா மில்லியா, ஹம்தர்த் பல்கலைக்கழகங்களும் இமாம்களை நாடின. ஜும்மா உரையில் வேண்டுகோள் விடுத்ததோடு, 'எக்ஸ்' குறியிட்ட வீடுகளுக்குப் பணியாளர்களுடன் இமாம்களும் நடந்தனர். அங்கே எதிர்கொண்ட கேள்வி மார்க்கம் பற்றியதாக மட்டும் இல்லை; ஒரே மருந்தை இத்தனை முறை கொடுப்பது ஏன் என்பதும்தான். வயிற்றுப்போக்கு அடிக்கடி தாக்கும் நெரிசலான இடங்களில் ஒரு தவணையின் பலன் குறைவு. இதனைக் கற்றபின்தான் இமாம்களால் விளக்க முடிந்தது.

2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவானதே கடைசிப் பாதிப்பு. 2014 மார்ச் 27-இல் போலியோ அற்ற பகுதி என்ற சான்று கிடைத்தது.

ஆனால் 2018 இறுதியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி வந்தபோது, அதே மேற்கு உத்தரப் பிரதேசத்தில் சில மதரசாக்கள் அனுமதி மறுத்தன. பழைய வதந்தி மீண்டும் உலவியது. சமயத் தலைவர்களை அதிகாரிகள் மீண்டும் தேடிச் செல்ல நேர்ந்தது.

போலியோ காலத்து விளக்கம் பணியிலிருந்த இமாம்களைச் சென்றடைந்தது. வருங்கால இமாம்கள் பயிலும் 'தர்ஸே நிஜாமி' பாடத்திட்டமோ 18-ஆம் நூற்றாண்டில் லக்னோவில் உருவானது. அரபு இலக்கணம், தர்க்கம், மார்க்கச் சட்டம் ஆகியவையே அதன் அடிப்படை. இதற்காக மரபை மீற வேண்டியதும் இல்லை. முற்கால உலமாக்களில் யூனானி ஹக்கீம்கள் பலர். தேவ்பந்த் தாருல் உலூமிலேயே யூனானி மருத்துவம் கற்பிக்கப்பட்டதுண்டு.

பட்டம் பெறும் மாணவர்களில் பலர் விரைவிலேயே ஏதேனும் ஒரு சிற்றூர்ப் பள்ளிவாசலின் இமாம் ஆகின்றனர். காய்ச்சலில் துவளும் குழந்தையுடன், ஓதி ஊதச் சொல்லித் தாய் முதலில் வந்து நிற்பது பல நேரங்களில் அவர் வாசலில்தான்.