மகரந்தம் இல்லாத செடியும் ஒரு பூஞ்சை நஞ்சும்

1970-இல் அமெரிக்க மக்காச்சோள வயல்களில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி இலைக்கருகல் நோய் ஏறி வந்தது. அந்த ஆண்டு விளைச்சலில் ஏறத்தாழ 15 சதவீதம் போயிற்று. நட்டம் சுமார் 100 கோடி டாலர். அந்த நோயைத் தரும் பைபோலாரிஸ் மெய்டிஸ் என்ற பூஞ்சை உழவர்களுக்குப் பழக்கப்பட்டதுதான். அதன் 'டி' பிரிவுதான் புது ஆள். அது 'டி-நஞ்சு' என்ற வேதிப்பொருளைச் சுரந்தது.

வீரிய ஒட்டு விதை உண்டாக்க, தாய்ச் செடிகளின் உச்சியில் உள்ள ஆண் பூங்கொத்தை மகரந்தம் உதிரும் முன் ஒடித்துவிட வேண்டும். கோடையில் ஏக்கர் ஏக்கராக ஆட்களை இறக்கிச் செய்யும் வேலை அது. டெக்சாஸில் கண்டெடுத்த ஒரு செடிவழிக்கு மகரந்தமே உருவாகாது என்று தெரிந்ததும் விதை நிறுவனங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. தந்தை வழியாக வரும் மரபணுக்கள் உழவர் வயலில் மகரந்தத்தை மீட்டுத் தந்துவிடும். ஆனால் மலட்டுத்தன்மைக்குக் காரணமான, செல்லுக்கு ஆற்றல் தரும் தாய்வழி மைட்டோகாண்ட்ரியா மட்டும் மாறாது. 1970-இல் நாட்டின் மக்காச்சோளத்தில் சுமார் 85 சதவீதம் இந்த ஒரே தாய்வழி. அது கருகல் நோய்க்கு எளிதில் இரையாகிறது என்று பிலிப்பைன்ஸிலிருந்து 1961-லேயே எச்சரிக்கை வந்திருந்தது. வசதி கண்ணை மறைத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

நஞ்சின் வேலையை முளைவிட்ட விதைகளே காட்டிக்கொடுத்தன. பூஞ்சை வளர்ந்த நீரை வடிகட்டி, பூஞ்சையே இல்லாமல், அதில் விதைகளை முளைக்க வைத்தால் டெக்சாஸ் நாற்றின் வேர் வளராமல் நின்றுவிடும். சாதாரண நாற்றின் வேரோ தன்பாட்டுக்கு நீளும். ஒரு செடி இந்த நோயைத் தாங்குமா என்று அறிய இனி வயலில் நோய் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் ஒரு சிறிய புரதம். டெக்சாஸ் மைட்டோகாண்ட்ரியாவில் மரபணுத் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டதில் யுஆர்எஃப்-13 என்ற புரதம் உருவாகியிருந்தது. டி-நஞ்சு அதில் போய் ஒட்டியதும் உட்சவ்வில் துளைகள் விழுகின்றன. ஓட்டைப் பானையிலிருந்து நீர் போவதுபோல அயனிகள் வெளியேறுகின்றன, செல்லின் ஆற்றல் உற்பத்தி நின்றுபோகிறது. இந்தப் புரதத்தை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தபோது அதுவும் நஞ்சுக்குப் பலியானது. மெத்தோமில் என்ற பூச்சிக்கொல்லியும் இதே புரதத்தைப் பிடித்து டெக்சாஸ் செடியைத் தாக்குகிறது.

மலட்டுத்தன்மையை வைத்துக்கொண்டு நோயை மட்டும் தவிர்க்க முடியாதா? 1970-களில் திசு வளர்ப்பில் நஞ்சைத் தாங்கிய செல்களைப் பிரித்துச் செடிகளாக்கிப் பார்த்தார்கள். அவை நோயைத் தாங்கின. கூடவே மகரந்தமும் உதிர்த்தன. மலட்டுக்கும் நோய்க்கும் வேர் அந்த ஒரே புரதம். நிறுவனங்கள் டெக்சாஸ் வழியைக் கைவிட்டு, பூங்கொத்து ஒடிக்கும் வேலைக்கே திரும்பின. மருந்து எதுவும் செய்யாததை அந்த விதைமாற்றம் செய்தது.

இதற்கு நேர்மாறான கதையும் மக்காச்சோளத்திலேயே உண்டு. காக்லியோபோலஸ் கார்போனம் என்ற உறவுக்காரப் பூஞ்சை 'ஹெச்சி-நஞ்சு' சுரக்கிறது. அது டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களைச் சீரமைக்கும் நொதிகளை முடக்க, பூஞ்சை நாற்றையும் முதிர்ந்த செடியையும் ஒருசேரக் கொல்லும். ஆனாலும் பெரும்பாலான மக்காச்சோளம் தப்பிக்கிறது. எச்எம்-1 மரபணு தரும் நொதி நஞ்சைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. 1992-இல் குர்முக் ஜோஹலும் ஸ்டீவன் பிரிக்ஸும் பிரித்தெடுத்த இதுவே, தாவரங்களில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட நோய் எதிர்ப்பு மரபணு. நெல், கோதுமை, பார்லி ஆகியவற்றிலும் இதன் உறவு மரபணுக்கள் இருக்கின்றன. பார்லியில் அதை அடக்கிப் பார்த்தபோது, வழக்கமாக மக்காச்சோளத்தைத் தாக்கும் அந்தப் பூஞ்சை பார்லி இலையையும் பிடித்துக்கொண்டது.