அதியமான் ஊரில் தோழியோடு ஒரு நாள்!

பெங்களூரு - சேலம் சாலையில் போகிற பலருக்கும் தருமபுரி என்றால், டீ குடிக்க பஸ் நிற்கிற ஊர். பெங்களூருவில் வேலை பார்க்கும் என் தோழிக்கும் அப்படித்தான். 'பாரிஸ், ரோம்னு ஏதாவது ஒரு ஊரை ஒரே நாள்ல சுத்திப் பார்க்கணும்டி' என்று போனில் அடிக்கடி சொல்வாள். 'முதல்ல எங்க ஊருக்கு வா' என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தேவிட்டாள்.

தொங்கும் தூண்

காலையில் முதலில் போனது கோட்டைக் கோயில். நுளம்பர் காலத்துக் கலை இது. மல்லிகார்ஜுனர் சந்நிதி மண்டபத்தில் தரையைத் தொடாமல் நிற்கிறது தூண். காமாட்சி அம்மன் சந்நிதியின் அடிப்பகுதியில் ராமாயணக் காட்சிகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக ஓடுகின்றன. குனிந்து, பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

நட்பின் ஊர்

அடுத்து அதியமான்கோட்டை. சங்க காலத் தகடூரை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. ஆயுளை நீட்டிக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த கதை நமக்குத் தெரியும். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவரும் அதே ஔவைதான். 'ஃப்ரெண்டுக்காக சண்டையை நிறுத்தக் கிளம்பியிருக்காங்க பாரேன்' என்று வியந்தாள் தோழி. வெறும் கதையல்ல... 1981-ல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கிடைத்த கல்வெட்டில் அஞ்சியின் பெயரே இருக்கிறது!

இங்குள்ள சென்றாயப் பெருமாள் கோயிலில் அண்ணாந்து பார்த்தால், விதானம் முழுக்க ராமாயண, மகாபாரத ஓவியங்கள். சில இடங்களில் மங்கிவிட்டன. ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காமல் இருப்பதே நாம் செய்யும் உதவி.

மதியம் கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். கொறிக்க நிப்பட்டு.

ரயிலில் இடமில்லாத தியாகி

பாப்பாரப்பட்டியில் இருக்கிறது சுப்பிரமணிய சிவா மணிமண்டபம். சிறையில் தொழுநோய்க்கு ஆளானவர். அந்த நோயைக் காரணம் காட்டி, ரயிலில் ஏற ஆங்கிலேய அரசு தடை விதித்தது. அவர் ஓயவில்லை. நடந்தும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். இங்கே பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார். 1923-ல் அடிக்கல் நாட்டியவர் சித்தரஞ்சன் தாஸ். கோயில் எழும் முன்பே, 1925 ஜூலை 23-ல் சிவா காலமானார். வயது 40. 'நமக்கு ரயில்ல ஜன்னல் சீட் கிடைக்கலைன்னாலே கோபம் வருது' என்றாள் தோழி. அதன்பின் வெகுநேரம் அவள் பேசவில்லை.

புகையும் கல்

பென்னாகரம் வழியாக ஒகேனக்கல். கன்னடத்தில் 'புகையும் கல்' என்று பொருள். பாறையில் விழும் காவிரி புகையாகக் கிளம்பும்போது பெயரின் நியாயம் புரிகிறது. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு பரிசலில் ஒரு சுற்று. பாறைகளின் நடுவே பரிசல்காரர் சுழற்றியபோது, காலையிலிருந்து அளந்து பேசியவள் அலறிச் சிரித்தாள்!

கிளம்பும் முன்...

* கோயில்கள் மதியம் நடை சாத்தப்படும். காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

* தேய்பிறை அஷ்டமியில் அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் கூட்டம் அலைமோதும். சாம்பல் பூசணி விளக்கேற்ற விரும்புவோர் அன்று வரலாம். நிதானமாகச் சுற்ற நினைப்போர் வேறு நாளைத் தேர்ந்தெடுக்கலாம்.

* காவிரியில் வெள்ளம் வந்தால் பரிசலுக்குத் தடை விதிப்பார்கள். முதல் நாளே செய்தியைப் பாருங்கள். தடை இருந்தால் ஆற்றில் இறங்கவே வேண்டாம்.

பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். ஒரு நாள் லீவும், கூட நடக்க ஒரு சிநேகமும் போதும்!